கடலைத் தொட வேண்டிய கோடு

நிர்மலா பிறந்தது சோமனூரில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில். அந்தச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி அவளுக்குக் குரல் உரக்கவே அமைந்துவிட்டது. கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்ததும் மகுடேஸ்வரன் முதலில் குறைத்தது அதைத்தான். ஊட்டுக்குள்ள தறி ஓட்டாத புள்ள என்பான், ஆள் இருக்கும்போதும் இல்லாதபோதும். கொஞ்ச நாளில் அவள் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்காது என்றாகிவிட்டது.

அவன் நிட்டிங் மாஸ்டர். வட்டமாகச் சுழன்று துணி பின்னும் மெஷின்களை ஓட்டவும் பழுது பார்க்கவும் அந்த வட்டாரத்தில் பேர் வாங்கியவன். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனுக்குள் இரண்டு கைகளையும் விட்டு விரித்து, டியூப் லைட்டுக்கு நேரே ஒரு சுற்றுத் திருப்பினால் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விலகல் எல்லாம் அவள் கண்ணில் படும். குறையைக் கண்டுபிடிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அது எந்த மெஷினில், எதனால் வந்தது என்று சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. நிர்மலா சொல்லுவாள். அதற்காகவே புது லைனுக்குக் குவாலிட்டி பார்க்க அவளைப் போடுவதாகக் கம்பெனியில் பேச்சு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகுடேஸ்வரன் விழுந்தான். கம்ப்ரசர் பைப்பில் காற்றுக் கசிகிறது என்று நிட்டிங் யூனிட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஏறியவன், ஆணி அடித்த இடமாகப் பார்த்து மிதிக்காமல் நடு ஷீட்டில் காலை வைத்துவிட்டான். ஷீட் உடைந்து, கீழே நின்ற மெஷின்மேல் முதுகு பட விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது போனதுதான். முதலாளி ஆஸ்பத்திரி வரை வந்தார். பிறகு வரவில்லை.

நிர்மலா கம்பெனிக்கு நின்றுவிட்டாள். வீட்டில் உட்கார்ந்தபடியே பிசிர் வெட்டும் வேலையை வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் மூட்டையாகப் பனியன் வரும். தையல் முனையில் தொங்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கி, மடித்து, மூட்டை கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். மூட்டைக்கு நடுவில் அவனைப் புரட்டிப் படுக்கவைப்பாள், துடைப்பாள், மூத்திரப் பை மாற்றுவாள். அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அவனுக்குப் பேச இருந்ததெல்லாம் அவளிடம் இருக்கிற குறைதான்.

ஒரு நாள் தௌபிக் வந்தான். காதர்பேட்டையில் செல்போனும் கம்ப்யூட்டரும் சர்வீஸ் பார்க்கிறவன். மகுடேஸ்வரனுடைய பழைய சிநேகிதரின் மகன். மேலே விமானம் போனால் மாஸ்டர் காதைத் தீட்டிக்கொள்வதைக் கவனித்துவிட்டு, அடுத்த முறை வரும்போது ஒரு சாமான் கொண்டுவந்தான். பென்டிரைவ் போல ஒரு ரேடியோ, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் போர்டு, ஒரு சின்ன ஆன்டெனா. ஒவ்வொரு விமானமும் தன் பெயர், உயரம், இடம் எல்லாவற்றையும் ரேடியோவில் தானே சொல்லிக்கொண்டு போகிறது, இது அதைப் பிடித்து வரைபடத்தில் காட்டும் என்றான். ஆன்டெனாவை ஒரு பிஸ்கட் டின் மூடிமேல் நிறுத்தி ஜன்னல் ஓரம் வைத்தார்கள். லேப்டாப் திரையில் கோயம்புத்தூருக்கு இறங்குகிற விமானம் ஒன்று பூச்சிபோல ஊர்ந்தது. அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே அதன் சத்தமும் கேட்டது.

மகுடேஸ்வரன் சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் இருவரும் திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். இது துபாய்க்கு, இது சிங்கப்பூருக்கு என்று அவன் சொல்லச் சொல்ல, அவள் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. அந்த வரைபடத்தில் ஒரு கோடு உண்டு. எந்தத் திசையில் எவ்வளவு தூரம் வரை விமானம் பிடிபட்டதோ, அந்த முனைகளையெல்லாம் சேர்த்து அன்றன்றைக்கு அதுவே ஒரு வளையம் வரையும். ஜன்னல் ஆன்டெனாவுக்கு அந்த வளையம் ஈரோட்டைத் தாண்டவில்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே இதே மாதிரி சாமான் வைத்திருக்கிற ஒருவனுடைய வளையத்தை இணையத்தில் பார்த்துவிட்டான் மகுடேஸ்வரன். அது கிழக்கே கடலுக்குள் போயிருந்தது. அன்றிலிருந்து நிர்மலா மாடிக்கு ஏற ஆரம்பித்தாள்.

அவன் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. மெஷினில் கோளாறு என்றால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கை வைக்க மாட்டான். ஒன்றை மாற்றி, கொஞ்சம் துணி ஓட்டிப் பார்த்து, பிறகுதான் அடுத்தது. ஆன்டெனாவுக்கும் அதே முறை. முதலில் அதை மாடியில் பிளாஸ்டிக் பைப் ஒன்றில் கட்டச் சொன்னான். வளையம் திண்டுக்கல்லைத் தொட்டது. பிறகு கேபிளைப் பார்த்தான். ஆன்டெனாவிலிருந்து இறங்கிய டிவி கேபிளின் மிச்ச நீளத்தை நிர்மலா சுருட்டி மூலையில் வைத்திருந்தாள். நல்ல சாமானை வெட்ட அவளுக்கு மனசு வராது. சிக்னல் வருகிற வழியில் ஒவ்வொரு முழமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், வெட்டு என்றான். வெட்டினாள். அப்புறம் கேபிளே குறையட்டும் என்று போர்டையும் ரேடியோவையும் மாடிக்கே ஏற்றச் சொன்னான். பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு, வெள்ளை பெயின்ட் அடித்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கட்டி, ஆன்டெனாவுக்கு ஒரு சாண் கேபிள் மட்டும் விட்டாள். பக்கத்துத் தெரு செல்போன் டவரின் இரைச்சலை அடைக்க ஒரு சின்ன ஃபில்டரை தௌபிக் வரவழைத்துத் தந்தான். அதை மாட்டிய அன்று வளையம் திருச்சியைத் தாண்டியது.

கோடை முடிவதற்குள் டப்பா இரண்டு முறை நின்றுபோனது. பக்கத்து நிட்டிங் யூனிட்டின் எக்சாஸ்ட் ஃபேன் தள்ளுகிற பஞ்சு, துளைகளையெல்லாம் அடைத்திருந்தது. உள்ளே போர்டு அடுப்புமாதிரி கொதித்தது. அவன் கத்தி முடித்த பிறகு அவளே யோசித்து, கட்டிங் வேஸ்ட்டில் கிடைத்த வலைத்துணியை டப்பாவுக்கு உறைபோலத் தைத்துப் போட்டாள். பஞ்சு வெளியிலேயே படிந்தது. வாரம் ஒரு தடவை உதறினால் போதும். அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. வேலை நன்றாக நடந்தால் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பது அவன் கட்சி.

சொல்வதெல்லாம் மற்ற நேரத்தில்தான். மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று, ஒரு கையால் பைப்பையும் மறு கையால் செல்போனையும் பிடித்துக்கொண்டு அவள் கேட்க வேண்டும். மேலே தூக்கு, இறக்கு, நேராகப் பிடி என்று கீழே படுக்கையில் இருந்து குரல் வரும்.

"கையில என்ன, ஊத்துக்குளி வெண்ணெயா வெச்சிருக்கறே? வழுக்கிட்டே போவுது?"

"காத்துங்க."

"காத்து ஊருக்கே அடிக்குது. உனக்கு மட்டுந்தான் சாக்கு. ஒரு புள்ளயப் பெத்திருந்தீன்னா இன்னேரம் அது ஏறியிருக்கும் மாடிக்கு."

இந்த ஒன்றை அவன் அடிக்கடி சொல்லமாட்டான். மெஷினுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி, தேவை என்று தோன்றும்போது மட்டும் விடுவான்.

வீட்டுக்காரி பெரியாத்தாள் கீழ்ப் போர்ஷனில் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும்; யாரையும் விட்டுவைக்காத வாய். தன் மாடியில் கம்பம் முளைத்ததைப் பார்த்துவிட்டு, துணி காயப்போட வந்த நிர்மலாவிடம் கேட்டாள்.

"ஏங் கண்ணு, உன்ற புருசன் பிளேன இங்கியே எறக்கப் போறானா? எறக்குனா சொல்லு, வத்தல எடுத்துக்கறேன்."

நிர்மலா சிரித்துவிட்டாள். சிரிப்புச் சத்தம் கீழே போயிருக்க வேண்டும். படியிறங்கி வந்ததும் அங்கே என்ன கூத்து என்று அவன் கேட்டான். அன்று பொழுது சாயும்வரை அவளிடம் பேசவில்லை.

வைகாசியில் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். புது லைன் ஓடப்போகிறது, குவாலிட்டி இடத்தை உனக்காகவே வைத்திருக்கிறோம், ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்றார் இன்சார்ஜ். அதற்கு முன்னால் ஒரு நாள் வந்து டேபிளையும் ஆட்களையும் பார்த்துப் போகச் சொன்னார். நிர்மலா காலையில் அவனுக்கு எல்லாம் செய்துவிட்டு, மத்தியானம் சோறு எடுத்துக் கொடுக்கப் பெரியாத்தாளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

டியூப் லைட்டுக்குக் கீழே நின்று ஒரு பனியனுக்குள் கையை விட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. பக்கத்து டேபிள்காரி எதற்கோ ஜோக் அடித்தாள். நிர்மலா பதிலுக்கு ஒன்று சொன்னாள், தன் பழைய குரலில். அந்தக் குரல் இன்னும் இருக்கிறது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் வந்தபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. அவன் பெரியாத்தாளை உள்ளே விடவில்லை. சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று விரட்டியிருக்கிறான். பையைக் கையாலேயே பிடுங்கி எறிந்து, மெத்தையோடு நனைந்து கிடந்தான். அந்த நிலையில் கிடந்துகொண்டே, பெண்டாட்டி என்னைச் சாகப் போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று தன் உறவுகளில் ஒருவர் விடாமல் போன் செய்திருந்தான். அவளை வைது வைது போன்கள் வந்தபடி இருந்தன. அவள் மெத்தையை மாடிக்குத் தூக்கிப்போய் அலசினாள்.

சில நாள் கழித்து, தௌபிக் வந்திருந்த சமயம் பார்த்து, அவனை வைத்துக்கொண்டே நிர்மலா கேட்டாள். மூன்றாம் ஆள் முன்னால் மகுடேஸ்வரன் தாராளமாக இருப்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

"நான் வேலைக்குப் போறதுக்கு என்னங்க பண்ணோணும்? அதையாச்சும் சொல்லுங்க."

அவன் திரையைப் பார்த்தான். வளையம் தஞ்சாவூருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தது. வடமேற்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் மறைப்பதால் அங்கெல்லாம் உள்ளே குழிந்திருந்தது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மட்டும் நாக்குப்போல நீண்டிருந்தது. கிழக்கே தடை எதுவும் இல்லை; ஆனாலும் எட்டவில்லை.

"கோடு கடலத் தொடட்டும். தொட்ட அன்னைக்கு நீ போ. நாம் பாட்டுக்கு பிளேனப் பாத்துட்டுக் கெடக்கறேன். அதுவரைக்கும் சிக்னல் புடிக்க ஆள் வேணுமல்லோ?"

"சொன்ன சொல்லுங்களா?"

"தௌபிக்கு சாட்சி. போதுமா?"

தௌபிக் சங்கடத்தோடு தலையை ஆட்டினான். போகும்போது மாடிக்கு வந்து, வளையத்தை அவள் போனிலேயே பார்க்கும்படி செய்து கொடுத்தான். ஆன்டெனாவைத் திருப்பும்போது கீழே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளலாம் அக்கா என்றான்.

அதன் பிறகு நிர்மலா அந்த வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். அவன் சொல்லாததையும் செய்தாள். பைப்பை எடுத்துவிட்டு இரும்புக் குழாய் நட்டு, அதைத் தொட்டிமேல் ஏற்றினாள். தொட்டிக்கு ஏணி கிடையாது. ஸ்டூல் போட்டு, தொட்டி விளிம்பைப் பிடித்து, வயிற்றால் எம்பி ஏற வேண்டும். கனெக்டரைக் கழற்றி, நடுக் கம்பி பளபளவென்று தெரியும்வரை துடைத்து மறுபடி இறுக்கினாள். மழைத் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றினாள். ஆடிக்காற்று கணவாய் வழியாக வந்து மாடியில் இருந்ததையெல்லாம் புரட்டியபோது, குழாயை மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினாள். விரல்களில் தோல் உரிந்தது. பிசிர் வெட்டும் கத்தரி பிடிக்க முடியாமல் துணி சுற்றிக்கொண்டாள்.

வளையம் தஞ்சாவூரைத் தாண்டியது. ஒரு நாள் மத்தியானம் அவள் போனில் பார்த்தபோது கோடு திருவாரூரைக் கடந்து நாகப்பட்டினத்தின் கரையை ஒட்டி நின்றது. இன்னும் கொஞ்சம்தான். அவள் படிகளில் ஓடி இறங்கினாள். அவன் திரையைப் பார்த்துவிட்டு, தொடவில்லையே என்றான். உண்மைதான், தொடவில்லை.

அடுத்த நாள் கோடு பின்வாங்கியது. அதற்கடுத்த நாள் இன்னும் உள்ளே வந்தது. கனெக்டரைக் கெடுத்துவிட்டாய், கண்டதையும் இறுக்கினால் இப்படித்தான் ஆகும், மேலே போய்ப் பார் என்றான். போய்ப் பார்த்தாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மறுபடி கழற்றி மாட்டினாள். கோடு மாறவில்லை. மறுநாள் அவன் குழாயை இறக்கித் திரும்ப ஏற்றச் சொன்னான். அவள் செய்து முடித்ததும், முன்னால் இருந்த மாதிரியே வை என்றான். ஆடி முடிய இருந்தது.

அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டே போனில் வளையத்தைப் பார்த்தவள், பழைய வளையத்தின் படத்தையும் பக்கத்தில் எடுத்துப் பார்த்தாள். கரையை ஒட்டி வந்த அன்று சந்தோஷத்தில் படம் பிடித்து வைத்திருந்தாள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு துணிக்கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பின்னலில் ஒரு ஊசி ஒடிந்தால் துணியில் அந்த இடத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். ஒரு நூல் மாறியிருந்தால் ஒரு வரி மட்டும் நிறம் தட்டும். துணி முழுக்க, எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்கி வந்தால் அது ஊசியின் குற்றமில்லை, நூலின் குற்றமில்லை. யாரோ செட்டிங்கை இறுக்கியிருக்கிறார்கள். வளையம் அப்படித்தான் இருந்தது. குழிந்த இடம் குழிந்தபடி, நாக்கு நாக்கின் வடிவத்திலேயே, எல்லாம் சின்னதாகியிருந்தது. கோயம்புத்தூரில் இறங்குகிற விமானங்களோ ஒன்று விடாமல் முன்போலவே தெளிவாக வந்தன. மாடியில் கோளாறு என்றால் அவையும் அல்லவா தடுமாற வேண்டும்?

மறுநாள் கேபிள் வாங்குவதாகச் சொல்லிவிட்டு காதர்பேட்டைக்குப் போனாள். எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் குறைய என்ன காரணம் என்று தௌபிக்கிடம் கேட்டாள்.

"கெயின்னு ஒண்ணு இருக்குங்க்கா, ரேடியோவுல வால்யூம் மாதிரி. அதக் கொறச்சா பக்கத்துல இருக்கறது வரும், தூரத்துல இருக்கறது போயிரும்."

"அத மாத்தோணும்னா மாடிக்குப் போவோணுமா?"

"எதுக்குங்க்கா? லேப்டாப்லயே அந்தப் பக்கத்தத் தொறந்து நம்பர மாத்துனா ஆச்சு. மாஸ்டருக்கு நாந்தான் காட்டிக் குடுத்தேன்…" சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திக்கொண்டான்.

அந்தப் பக்கத்தைத் தன் போனில் எப்படித் திறப்பது என்று மட்டும் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சரியாக இருந்தபோது என்ன நம்பர் என்று அவனுக்கு நினைவிருந்தது.

இருந்தாலும் அவள் செக்கிங்காரி. ஒரு பீஸைப் பார்த்துவிட்டு லாட் முழுவதையும் தள்ள மாட்டாள். வீட்டுக்கு வந்து, கனெக்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் படியேறினாள். பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். மாடிக் கதவின் தாழ்ப்பாளைக்கூடத் தொடவில்லை. போனில் வளையத்தையும் விமானங்களையும் திறந்து வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தூரத்து விமானங்கள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்தன. தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தது போனது. மதுரைக்குத் தெற்கே இருந்தது போனது. பிறகு போன் அடித்தது.

"என்ன புள்ள பண்ணித் தொலச்சே மேல? இருந்ததும் போச்சு."

"கனெக்டரத் தொட்டனுங்க."

"உன்னையத் தொட வேண்டாம்னா கேக்கறியா? கை வெச்ச எடமெல்லாம் வெளங்கறதில்ல. இனி நீ கம்பெனிக்குப் போயிக் கிழிச்ச மாதிரிதான்."

"சரிங்க. பாக்கறனுங்க."

படியில் சுவர் ஓரமாக அவள் இருந்துகொண்டாள். கல்யாணமான புதிதில் அவன் சிரித்துச் சிரித்துச் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. லீவு போடுவதற்கு முன்னால் மாஸ்டர்கள் செய்கிற வேலை அது. மெஷினில் எங்காவது மயிரளவு செட்டிங்கைத் தள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். துணி ஓடும், ஆனால் சரியாக வராது. வேறு யார் வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. முதலாளி போன் மேல் போன் போட்டு, மாஸ்டர் இல்லாமல் முடியவில்லை என்று கெஞ்சுவார். திரும்பிப் போய் ஒரு திருகு திருகினால் சரி. இதைச் சொல்லிவிட்டு அன்று அவன், ஆள் இல்லாமப் போனாத்தான் அருமை தெரியும் என்றான். அப்போது அவளும் சேர்ந்து சிரித்தாள். முதலாளியை நினைத்துச் சிரித்தாள்.

ஆடியின் கடைசி நாட்கள் அப்படியே போயின. அவன் ஏறு என்றால் ஏறினாள், இறங்கு என்றால் இறங்கினாள். வெயிலில் நிற்கச் சொன்னால் நின்றாள். கம்பெனிக்குப் போன் செய்து, ஆவணி ஒன்றாம் தேதி வேன் எந்த முக்கில் நிற்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டாள்.

ஆவணி பிறந்த அன்று காலையில் வழக்கம்போல அவனைத் துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள், பவுடர் போட்டாள். பை மாற்றினாள். இட்லி ஊட்டினாள். சாயங்காலம் வரை வேண்டிய தண்ணீரை எட்டும் இடத்தில் வைத்தாள். பிறகு நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து படுக்கையருகே நின்றாள்.

"எங்க கெளம்பற?"

அவள் போனில் அந்த கெயின் நம்பரைப் பழையபடி மாற்றினாள். லேப்டாப் திரையைக் காட்டினாள். மங்கிக் கிடந்த வரைபடத்தில் பூச்சிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. கரூருக்கு மேலே, திருச்சிக்கு மேலே, தஞ்சாவூருக்கு மேலே. கோடு நெளிந்து நெளிந்து கிழக்கே நகர்ந்தது. தொட்டிமேல் ஏற்றிய குழாய்க்கும், வெட்டிய கேபிளுக்கும், துடைத்த கனெக்டருக்கும் உரிய தூரத்தை அது ஒரேயடியாக எட்டிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்துக்கு அப்பால், நீல நிறத்தின் மேலே, ஒரு விமானம் தெரிந்தது. கோடு அதைத் தொட்டுக்கொண்டு நின்றது.

மகுடேஸ்வரன் திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை அவனால் மறைக்க முடியவில்லை. அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது.

"தெரிஞ்சு போச்சா" என்றான்.

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சும்மா வெளையாட்டுக்குப் பண்ணுனது புள்ள. நீ போயிட்டீன்னா நான் என்ன பண்ணுவேன், யார் மூஞ்சியப் பாப்பேன்? அதுக்குத்தான்."

அவள் குனிந்து லேப்டாப் இருந்த இரும்பு டேபிளைப் பிடித்தாள். படுக்கையை ஒட்டி, அவன் கைக்கு வாகாக இருந்த டேபிள் அது. அதைப் பின்னால் இழுத்தாள். கால்கள் தரையில் கிரீச்சிட்டன. எதிர்ச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, திரையை அவனுக்கு நேராகத் திருப்பி வைத்தாள். படுத்தபடியே எல்லா விமானமும் தெரியும். தொட முடியாது.

அவன் கையை நீட்டினான். தோள் வரைக்கும் நீட்டினான்.

"ஏ புள்ள. இங்க தள்ளு. தள்ளுன்னு சொல்றேன்."

"கோடு கடலத் தொட்டுருச்சுங்க" என்றாள் நிர்மலா. "நீங்க பாத்துட்டு இருங்க."

அவன் வசவு தெருமுக்குவரை அவள் பின்னால் வந்தது. மலடி என்றான், எவனைப் பார்க்கப் போகிறாய் என்றான். பெரியாத்தாள் வாசலில் கோலத்தை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். மத்தியானம் சோறு எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு நிர்மலா வேனில் ஏறிக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரம் முடிகிறபோது பெரியாத்தாள் போன் செய்தாள். நிர்மலா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சாப்புட்டாருங்களா?"

"நல்லாத் தின்னான் கண்ணு. ஆனா மூஞ்சி என்ற பக்கந் திரும்பவே இல்ல, கண்ணு பூரா அந்தப் பொட்டி மேல. வாயி மட்டும் திட்டுது. டேபிளக் கிட்டத் தள்ளச் சொல்லிக் கெஞ்சறான். கண்ணுல தண்ணி வேற வெச்சுக்கறான். தள்ளி வெச்சுப் போட்டு வரட்டுமா?"

செக்கிங் டேபிளின் மறுபக்கம் அடுத்த கட்டுப் பீஸ்கள் வந்து இறங்கின. பக்கத்து டேபிள்காரி கண்ணாலேயே என்ன என்று கேட்டாள். நிர்மலா ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

"வேண்டாமுங்க" என்றாள் போனில், அந்த ஹாலுக்கே கேட்கும் குரலில். "கிட்ட வெச்சுப் பாத்தா கண்ணு கெட்டுப் போயிருமுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. அங்கியே இருக்கட்டும்."

"அப்படியா? அதுவுஞ் செரிதான்" என்றாள் பெரியாத்தாள்.

நிர்மலா போனை லாக்கரில் வைத்துவிட்டு வந்து, முதல் பனியனுக்குள் கையை விட்டு விரித்தாள்.